மியூசியத்தில் இழவு கேட்ட முக்காக்குளத்தார்

முக்காக்குளத்துக்காரர்களை யாராவது கேலி பேசினால் எனக்குக் கோபம் வரும். நான் பக்கத்து ஊர்க்காரன். அவர்களைக் கேலி பேசுகிற உரிமை எங்கள் ஊருக்கு மட்டும்தான் உண்டு. நல்ல ஜனங்கள் ஐயா. பச்சைத் தண்ணீர் மாதிரி மனசு. அறிவும் அதே நிறம்தான். ஒரு காரியம் சொன்னால் சொன்னபடியே செய்வார்கள். அந்த ஒரு குறையைத் தவிர வேறு குறையே சொல்ல முடியாது.

அந்த ஊர் கொம்பையாவுக்கு ஒரே மகள், பெயர் செண்பகவல்லி. எப்படியோ தப்பி அந்த ஊரில் பிறந்துவிட்ட புத்திசாலி. ஆமைத்துறைப் பட்டணத்தில் கம்ப்யூட்டர் படிக்கப் போன இடத்தில் சங்கரபாண்டி என்கிற பையனை அவளுக்குப் பிடித்துப் போயிற்று, அவனுக்கும் அப்படியே. வீட்டில் சொன்னார்கள், ஜாதகம் பார்த்தார்கள், எல்லாம் கூடி வந்தது. பாக்கி இருந்தது கை நனைக்கிறது ஒன்றுதான்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் போவார்கள். சம்மதம் என்றால் இலை போட்டு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சம்மதம் இல்லையென்றால் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிடுவார்கள். செண்பகவல்லிக்கு முன்னால் வந்த ஒரு வரன் இந்த இடத்தில்தான் தட்டிப்போனது. அந்த வீட்டுக்காரர் பாவம், "உங்க வீடு மாதிரி நெனைச்சுக்கோங்க" என்று ஒரு பேச்சுக்குச் சொல்லியிருக்கிறார். நம்மவர்கள் கட்டிலைத் திருப்பிப் போட்டுவிட்டு, சுவரில் மாட்டியிருந்த அவருடைய அப்பா படத்தை, "இது யாருன்னே தெரியலையே" என்று கழற்றிக் கீழே வைத்துவிட்டார்கள்.

அதனால் இந்தத் தடவை புறப்படும்போது செண்பகவல்லி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, எனக்கு இந்தப் பையன்தான். இதுவும் தட்டிப்போச்சுன்னா நான் வேற யாரையும் கட்டிக்க மாட்டேன். நீங்களா ஒண்ணும் செய்யாதீங்க. அவங்க என்ன சொல்லுதாங்களோ அதை மட்டும் அப்படியே செய்யுங்க."

எவ்வளவு புத்திசாலிக்கும் ஒரு நாள் சறுக்கும் பாருங்கள்.

வேன் ஓட்டினது நான். கொம்பையாவோடு மூன்று பேர் ஏறினார்கள். ஒருவர் பலவேசம், கொம்பையாவின் மச்சினன், பெண்ணுக்குத் தாய்மாமன். எழுத்துக் கூட்டிப் படிப்பார், ஆகையால் ஊரிலேயே படித்தவர். இன்னொருவர் சொரிமுத்து, கொம்பையாவுக்கு அண்ணன் முறைப் பங்காளி. சாத்திரம் சம்பிரதாயம் என்று வந்துவிட்டால் முக்காக்குளத்துக்கு அவர்தான் சுப்ரீம் கோர்ட்டு. கடைசியாக ஏறினது கொம்பையாவின் தங்கச்சி சிவனம்மா. நாலு ஊர் இழவுக்கு ஒப்பாரி வைக்கிறவள். நல்ல காரியத்துக்குப் போகிற வண்டியில் ஒப்பாரிக்காரி எதற்கு என்று கேட்டேன். "அத்தை முறையை விட முடியுமாடே?" என்றார் கொம்பையா. அதுவும் நியாயம்தான்.

மாப்பிள்ளையின் அப்பா நயினார், ஆமைத்துறை அருங்காட்சியகத்தில் காவலராக இருக்கிறார். பழைய துறைமுகக் கட்டடம் அது. அந்தப் பட்டணத்தின் கதையும் கடலின் கதையும் எல்லாம் உள்ளே வைத்திருக்கிறார்கள். ஊரில் எல்லோரும் மியூசியம் என்பார்கள். அவர் வீடு அதற்கு நேர் பின்னால். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெள்ளிக்கிழமை பத்தரை ஆகி, ராகு காலம் பிறந்துவிட்டது. அடுப்பில் பருப்பும் வேகவில்லை.

"ராகு காலத்துல வீட்டுக்குள்ள கூப்பிட வேண்டாம்னு பாக்கேன்" என்றார் நயினார். "அது முடியுத வரைக்கும் மியூசியத்தைச் சுத்திப் பாருங்க அண்ணாச்சி. அம்புக்குறி காட்டுத பக்கம் போனாப் போதும். எதையும் தொடாதீங்க. ஒண்ணையும் விடாமப் பாத்துட்டு வாங்க, சாப்பிடலாம்."

கொம்பையா இதை மூன்று தடவை வாய்க்குள் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டார். நான் வேனில் சீட்டைச் சாய்த்துப் படுத்தேன். அதற்கப்புறம் நடந்ததைப் பாதி நயினார் அழாத குறையாகச் சொன்னார், பாதி நானே பார்த்தேன்.

முதல் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு திசைகாட்டி இருந்தது, பழைய கப்பலில் இருந்து எடுத்தது. அதன் முள்ளும் ஓர் அம்புக்குறிதானே? அது தன் வழக்கப்படி வடக்கே காட்டிக்கொண்டு நின்றது. வடக்கே இருந்தது துடைப்பம் வைக்கிற அறை. நான்கு பேரும் வரிசையாக உள்ளே போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். விளக்குமாறு, பினாயில் வாளி, ஒடிந்த நாற்காலி, ஒன்றையும் விடவில்லை.

"இது எந்த ராசா காலத்து வாளி?" என்று கேட்டார் சொரிமுத்து.

பலவேசம் குனிந்து பார்த்தார். "பிளாஸ்டிக்குல்லா. ராசா கொஞ்சம் கஷ்டப்பட்டவரு போல."

"எளிமையா வாழ்ந்திருக்காவ" என்று சிவனம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நயினார் வந்து கூட்டிப்போய் அடுத்த கூடத்தில் விட்டார். அங்கே முத்துக் குளிக்கிறவர் சிலை. நீல வர்ணம் அடித்த சுவருக்கு முன்னால், இடுப்பில் கயிறோடு, தலை கீழாக நீந்திப் போகிற மாதிரி செய்து தொங்கவிட்டிருந்தார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு முங்குவார் என்று கீழே எழுதியிருந்ததைப் பலவேசம் கூட்டிக் கூட்டிப் படித்தார். நான்கு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். முங்கினவர் மேலே வர வேண்டாமா?

"இவரு வெளிய வராம நாம எப்படிப் போக?" என்றார் கொம்பையா. "ஒண்ணையும் விடாமப் பாக்கச் சொன்னாருல்லா."

"ஏண்ணே, பொம்பளை நிக்கேன்னு வெக்கப்படுதாரோ என்னவோ" என்றாள் சிவனம்மா. "கோவணத்தோடல்லா இருக்காரு."

எல்லோரும் மரியாதையாக முதுகைக் காட்டித் திரும்பி நின்று அவகாசம் கொடுத்தார்கள். திரும்பிப் பார்த்தால் ஆள் அங்கேயே தொங்கினார். சிலபேருக்கு வேலையில் அவ்வளவு ஈடுபாடு என்று சொரிமுத்து தீர்ப்புச் சொன்ன பிறகுதான் நகர்ந்தார்கள்.

அப்புறம் நகர வரலாறு. ஆமைத்துறைப் பட்டணம் முழுவதையும் மரத்தில் சின்னதாகச் செய்து ஒரு மேசை மேல் வைத்திருந்தார்கள். கலங்கரை விளக்கம், சந்தை, கோயில், தேர்முட்டி எல்லாம் உண்டு. மியூசியம் கட்டடம்கூட அதில் இருந்தது. கொம்பையா அதைக் கண்டுபிடித்து, வாசலைப் பார்த்து, பதறிப்போனார்.

"ஏலே! வேனைக் காணோம்!"

மியூசியம் இருக்கிறது, வாசல் இருக்கிறது, வேப்பமரம்கூட இருக்கிறது. வேன் மட்டும் இல்லை. களவு போய்விட்டது என்று முடிவாகி, சொரிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே ஓடிவந்தார். தூங்கிக்கொண்டிருந்த என் காலைப் பிடித்து உலுக்கினார். "ஏய், நீ இங்கனயா இருக்க? உள்ள உன்னக் காணோம்னு தேடுதோம்!" என் தூக்கம் போச்சு. இனி இவர்களைத் தனியாக விட்டால் தப்பு என்று நானும் கூடப் போனேன். போனவன் கொஞ்சம் முந்திப் போயிருக்கலாம்.

ஏனென்றால் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பலவேசமும் மற்றவர்களும் கடைசி அறைக்குள் நுழைந்திருந்தார்கள். அது கவிழ்ந்த கப்பல்களுக்கான அறை. ஒடிந்த பாய்மரம் ஒன்று, துருப்பிடித்த நங்கூரம் ஒன்று, சுவரில் பெரிய போர்டு. பலவேசம் போர்டைப் படித்துக்கொண்டிருந்தார்.

"முதல்ல ஏதோ நம்பர் போட்டிருக்கு. ஆயிரத்து எண்ணூத்துச் சொச்சம். கதவு நம்பரா இருக்கும், அதை விடு. 'கொழும்புக்குக் கருப்பட்டி ஏற்றிச் சென்ற வடிவுநாயகி என்னும் பாய்மரக் கப்பல், புயலில் சிக்கி மூழ்கியது. இதில் சுமை தூக்கும் வேலைக்குச் சென்றிருந்த முக்... முக்காக்குளம்...'"

"நம்ம ஊரா?"

"'...முக்காக்குளம் ஆண்டியப்பன் உயிரிழந்தார்.'"

சொரிமுத்து துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டினார்.

"ஆண்டியப்பன்னா நம்ம வகையறால்லா இருக்கும்? நம்ம வகையறாவுல ரெண்டு வீட்டுக்கு ஒரு ஆண்டியப்பன் உண்டு. ஏலே கொம்பையா, பங்காளி போயிட்டாம்லே!"

அவ்வளவுதான். சிவனம்மா முந்தானையை உதறித் தரையில் உட்கார்ந்தாள்.

"கடலுத் தண்ணி குடிச்சீயளோ, கண்ணு ரெண்டும் சொருகினீயளோ! கருப்பட்டி ஏத்தப் போயி, கரை சேர மறந்தீயளோ!"

அவளுடைய குரலைக் குறை சொல்ல முடியாது. மியூசியம் பார்க்க வந்திருந்த வெளியூர் அம்மா ஒருத்தி, யாருக்கு என்ன என்று கேட்காமலே பக்கத்தில் உட்கார்ந்து சிவனம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் புருஷன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கட்டி நின்றான்.

நயினார் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். "என்னாச்சு? யாருக்கு என்ன ஆச்சு?"

"எங்க பங்காளி ஒருத்தர் தவறிட்டாரு" என்றார் கொம்பையா. சொல்லும்போதே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செத்தவருக்காக இல்லை. தீட்டு வந்துவிட்டால் நல்ல காரியத்துக்குக் கை நனைக்க முடியாது. மகள் கையைப் பிடித்துச் சொன்னது அவர் கண் முன்னால் வந்து நின்றது. "என் புள்ளைக்கு மட்டும் ஏன் இப்படி நடக்கணும்?" என்று அவர் நிஜமாகவே அழுதார். அந்த அழுகையைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனசு வரவில்லை.

நயினாருக்கு விஷயம் புரிய ரொம்ப நேரம் பிடித்தது. புரிந்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அட அண்ணாச்சி, பயந்தே போயிட்டேன்! இது நேத்து இன்னைக்கு நடந்ததா? அவரு செத்து நூத்தம்பது வருஷம் ஆச்சு!"

சிரிப்பதற்கு முன்னால் ஆளைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். கொம்பையாவின் கண்ணீர் நின்றது. முகம் சிவந்தது.

"நூத்தம்பது வருஷமாத் தெரியுமா?"

"ஆமா."

"தெரிஞ்சுக்கிட்டே எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லி விடலையா?"

நயினார் போர்டைப் பார்த்தார், கொம்பையாவைப் பார்த்தார்.

"ரெண்டு மணி நேரத்துல வந்துரலாம் எங்க ஊருக்கு" என்று சொரிமுத்து பிடித்துக்கொண்டார். "இழவு சொல்லி விட ஒரு ஆள் கெடைக்கலையா இந்தப் பட்டணத்துல? போர்டு எழுத மட்டும் ஆள் கெடைச்சுதோ?"

"அண்ணாச்சி, நான் பொறந்தே அம்பத்தெட்டு வருஷம்தான் ஆகுது!"

"அப்ப உங்க அப்பா சொல்லியிருக்கணும். அவருக்கும் வாய் இல்லையா?"

"சாவை மறைச்ச வீட்டுல எப்படிக் கை நனைக்க?" என்றார் கொம்பையா. இதைச் சொன்னதும் அவருக்கே திரும்ப அழுகை வந்துவிட்டது.

"அத்தான்" என்று பலவேசம் மெல்ல இழுத்தார். "நான் மாமன் முறைதான, எனக்குத் தீட்டு இல்லைல்லா. நான் மட்டும் கொஞ்சம் சாப்பிட்டுக்கிடட்டுமா?"

நான்கு பேரும் எழுந்து, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே நடந்தார்கள். இழவு வீட்டில் "போயிட்டு வாரேன்" என்று சொல்லக் கூடாதே, அதற்காக. நயினாருக்கு அது தெரியவில்லை. சம்பந்தம் முறிந்தே போயிற்று என்று நினைத்து நங்கூரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார். எதையும் தொடாதீர்கள் என்று சொன்னவர் அவர்தான்.

நல்லவேளை, நயினாரின் மனைவி ஆவுடையம்மாள் ஒப்பாரிச் சத்தம் கேட்டு அகப்பையும் கையுமாக வாசலுக்கு வந்தாள். நான் ரெண்டே வார்த்தையில் விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மாள் புருஷனை ஒரு முறை முறைத்தாள். அப்புறம் கொம்பையா முன்னால் போய்க் கை கூப்பினாள்.

"அண்ணே, தப்பு எங்க மேலதான். சொல்லி விட்டிருக்கணும். மறந்துபோச்சு. மன்னிச்சிருங்க."

மன்னிப்புக் கேட்டதும் முக்காக்குளத்துக் கோபம் போன இடம் தெரியவில்லை. "பரவாயில்லம்மா, வேலை ஜோலி இருந்திருக்கும்" என்றார் கொம்பையா.

"வருஷம் கழிஞ்சு கேள்விப்பட்ட சாவுக்கு ஒரு தலைமுழுக்குப் போட்டாத் தீட்டுக் கழிஞ்சிருமே. சொரிமுத்து அண்ணாச்சிக்குத் தெரியாததா?"

எல்லோரும் சொரிமுத்துவைப் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடி யோசித்தார். "உள்ளதுதான்" என்றார். "நான் சொல்லலாம்னு வாயெடுத்தேன், நீங்க முந்திக்கிட்டிய."

"அப்பச் சீக்கிரம் கடல்ல முங்கிட்டு வாங்க. மூணு மணிக்கு எமகண்டம் பொறந்துரும். அதுக்குள்ள இலையில உக்காந்தாகணும்."

கடற்கரை கூப்பிடு தூரம்தான். முங்கிவிட்டு வர எவ்வளவு நேரம் ஆகும்? முக்காக்குளத்தார் இடுப்பளவு தண்ணீரில் நின்று விவாதம் பண்ணினார்கள். கொம்பையா குனிவதற்கு முன்னாலேயே ஓர் அலை வந்து அவரை முழுக்காட்டிவிட்டது. நாமாக முங்கினால்தான் முழுக்கா, அலை முக்கினாலும் சேருமா என்று கேள்வி. சேராது என்றார் சொரிமுத்து. உடனே எல்லோரும் அலை வராத நேரமாகப் பார்த்து முங்க ஆரம்பித்தார்கள். ஆனால் இவர்கள் குனிகிற போதெல்லாம் கடல் முந்திக்கொண்டது. பலவேசம் கடலைப் பார்த்து, "கொஞ்சம் பொறும்வே!" என்று அதட்டினார். கடைசியில் நான்தான் ஒவ்வொருவர் தலையையும் பிடித்து அமுக்கினேன். கொஞ்சம் பலமாகவே அமுக்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரம் சொட்டச் சொட்ட வந்தார்கள். பலவேசம் மட்டும், மியூசியத்தில் துண்டை விட்டுவிட்டேன் என்று உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்தார். வீட்டுக் கூடத்தில் வாழை இலை விரித்து, பருப்பும் நெய்யும் வைத்து, வடையும் பாயசமும் தயாராக இருந்தன. சங்கரபாண்டி ஓரமாக நின்று எல்லோருக்கும் துண்டு கொடுத்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கும் பசியில் கண் இருட்டியது.

கொம்பையா இலை முன்னால் உட்கார்ந்தார். கையைச் சோற்றில் வைக்கப் போகிற நேரத்தில், வழக்கப்படி சொரிமுத்து சபையைக் கேட்டார். "பங்காளி, மாமன் மச்சான், மூத்தவங்க எல்லாருக்கும் சம்மதந்தானா? கேக்க வேண்டியவங்க யாரும் விட்டுப் போகலையே?"

பலவேசம் கையைத் தூக்கினார்.

"ஒருத்தர் விட்டுப்போச்சு. துண்டு எடுக்கப் போனப்ப அந்தப் போர்டுல மிச்சத்தையும் படிச்சேன். ஒண்ணையும் விடாமப் பாக்கச் சொன்னாருல்லா. 'ஆண்டியப்பனின் தம்பி வேலாண்டி மட்டும் உயிர் பிழைத்து, நீந்தி ஆமைத்துறையில் கரை ஏறினார்'னு போட்டிருக்கு."

கொம்பையா சோற்றிலிருந்து கையை இழுத்துக்கொண்டார். "நம்ம பங்காளியில மூத்தவரு ஒருத்தரு இதே ஊர்ல இருக்கும்போது, அவரைக் கேக்காமக் கை நனைச்சா நாளைக்குப் பொல்லாப்பு வராதா?"

"அண்ணாச்சி" என்றார் நயினார். அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "இருந்தார்னா அவருக்கு இப்ப நூத்தி எழுபது வயசு இருக்கும்."

"அவ்வளவு வயசானவரை நடக்க வைக்கலாமா? டிரைவர் தம்பி, வேனை எடு."

"எங்கன போயித் தேட?" என்றேன்.

"கரை ஏறினாருன்னு போட்டிருக்கு" என்றார் பலவேசம். "அதுக்கப்புறம் எங்கயும் போனதாப் போடலை. கரையிலதான் இருப்பாரு."

மணி ரெண்டரை. ஆவுடையம்மாள் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். எனக்குப் புரிந்துவிட்டது. கடற்கரைக்குப் போனேன், ஒரு டீ குடித்தேன், திரும்பி வந்தேன்.

"பாத்தேன். கால் வலியாம், வர முடியலையாம். எனக்குப் பூரண சம்மதம், சாப்பிடச் சொல்லுன்னாரு."

பொய்தான். செண்பகவல்லிக்காகச் சொன்னேன். வடைக்காகவும் சொன்னேன். கொம்பையாவின் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். சோற்றைப் பிசைந்தார், ஒரு வாய் வைத்தார். "சம்பந்தி!" என்று நயினார் கத்தியே விட்டார். சங்கரபாண்டி வாசலுக்கு ஓடி, செண்பகவல்லிக்குப் போன் போட்டான். சிவனம்மா குலவை போட்டாள்.

ரெண்டாம் வடைக்குக் கை நீட்டும்போதுதான் சொரிமுத்து நிறுத்தினார். "டிரைவர் தம்பி, அவரு அண்ணனைப் பத்தி ஏதும் கேட்டாரா?"

"இல்லையே."

"அப்ப அண்ணன் செத்தது அவருக்குத் தெரியாது!"

விஷயம் தெரிந்தால் அந்த வயதில் அவர் தாங்குவாரா? தாங்கினாலும், கல்யாண நேரத்தில் தீட்டு என்று உட்கார்ந்துவிட்டால்? ஆவணியில் முகூர்த்தம் முடிகிற வரைக்கும் இந்தச் சேதி அவர் காதில் விழவே கூடாது என்று அத்தனை பேரும் இலை மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார்கள். மாப்பிள்ளையும் செய்தான். ஆவுடையம்மாள்கூட வேறு வழியில்லாமல் செய்தாள்.

மூணு மணிக்கு முன்னால் எல்லாம் முடிந்தது. நான் வேனைக் கிளப்பும்போது நயினார் மூச்சு வாங்க ஓடிவந்தார். கவிழ்ந்த கப்பல் அறைக்குப் போய், அந்தப் போர்டின் மேல் ஒரு போர்வையை மாட்டிவிட்டு வருகிறாராம். ஜன்னல் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காமல் என் காதோடு பேசினார்.

"தம்பி, அந்த வேலாண்டி ஆள் பாக்க எப்படி இருப்பாரு? எப்பவாவது மியூசியம் பாக்க வந்துட்டாருன்னா, வாசல்லயே பேச்சுக் குடுத்துத் திருப்பி அனுப்பிரணும்லா."

நான் கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன்.

"நல்ல கறுப்பு அண்ணாச்சி" என்றேன். "ஆனா உப்புத் தண்ணியில கெடந்த ஒடம்புல்லா, வயசே தெரியாது. பாத்து இருந்துக்கோங்க."